வேலைய விட்ட மச்சானுக்கு

மச்சான்,

தம்புச்செட்டித் தெருவுல, துறைமுகத்து சரக்க வெளிய எடுத்துக் குடுக்குற கிளியரிங் ஆபீஸ் வேலைய விட்டுட்டேன், இனிமே முழுநேரம் கதைதான்னு ஸ்டேட்டஸ் போட்டிருந்த, கூடவே எழுத்தாளர் புதுமைப்பித்தன் போட்டோ வேற. எனக்கு லைக் போட கை வரல. அதான் எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுறேன், கோச்சிக்காத.

அவர் பேர நீதான இழுத்த, அவர் கதையவே பேசுவோம். 1906ல திருப்பாதிரிப்புலியூர்ல பொறந்தவரு, பிஏ முடிச்சிட்டு 1934ல மணிக்கொடி பத்திரிகைல கதை எழுத ஆரம்பிச்சாரு. ஆனா சோறு போட்டது பத்திரிகை ஆபீஸ்டா. காரைக்குடில 'ஊழியன்' பத்திரிகைல கொஞ்ச நாள், அப்புறம் தினமணில வருஷக்கணக்கா வேலை, நெறைய கதைங்க அந்த வேலைக்கு நடுவுல எழுதுனதுதான். 1943ல கலைமகள்ல வந்துச்சே 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்', அது ஆரம்பிக்கிறது எங்க? நீ தெனம் பஸ் புடிச்ச அதே பிராட்வே முனையில. டிராம்ல போனா காலணா மிஞ்சும், வெத்தல பாக்கு போடலாம்னு கணக்கு போட்டுனு நிப்பாரு பிள்ளை, அப்புறம் கடவுளையே புடிச்சி தன் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கட்ட வெச்சிடுவாரு. சம்பளம் வாங்கி செலவு பண்ணி பாத்தவனுக்குத்தான் அந்த காலணா கண்ணுல படும்.

தினமணிய விட்டு வந்து 'தினசரி'ங்கிற பத்திரிகை, அப்புறம் சினிமா. சொந்தமா கம்பெனி ஆரம்பிச்சாரு, படம் வெளிய வரல. கதையும் கொறஞ்சி போச்சு. ராஜமுக்தி படத்துக்காக புனா போன எடத்துல டிபி முத்திடுச்சு, 1948 ஜூன் 30, திருவனந்தபுரத்துல போயிட்டாரு, 42 வயசு. வறுமைதான் அவர எழுத வெச்சதுன்னு மேடையில பேசுறவன நம்பாத மச்சான், வறுமை அவர சினிமாவுக்குத்தான் அனுப்புச்சி.

எர்ணாவூர் கிட்ட கன்டெய்னர் லாரிங்க ராவெல்லாம் லைன்ல நிக்கும்போது டிரைவருங்க வண்டிக்கு அடியில ஸ்டவ் பத்த வெச்சி சோறாக்குறது, கடல் காத்து அடிக்குதுன்னு லுங்கிய விரிச்சி மறைச்சி புடிச்சினு ஒருத்தர் உக்காந்திருப்பாருன்னு சொன்னியே, அத ஏன்டா இன்னும் எழுதல? சரக்க எடுக்குற டெலிவரி ஆர்டர் பேப்பர தூக்கினு அலையலன்னா அத நீ பாத்திருப்பியா?

உன் சீட்டுக்கு இன்னும் ஆள் போடலையாம், விசாரிச்சிட்டேன். திங்கக்கெழம காலைல போய் ஓனர பாரு. லாரி கதைய ஞாயித்துக்கெழமையே எழுதி அனுப்பு.