படிக்கட்டுச் சத்தம் யாருக்கு?

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை. இதற்கு முந்தைய என் கடிதத்துக்குப் பதில் போட நீ ஐந்து மாதம் எடுத்துக்கொண்டாய். நீ தாத்தா ஆன செய்தியை மூன்றாம் பக்கத்தில், அதுவும் ஒரே வரியில் எழுதியிருக்கிறாயே, உனக்கே நியாயமா? குழந்தையின் படத்தை அனுப்பு.

எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. கட்டைப் பிரித்ததும் முதலில் தெளிவாகத் தெரிந்தது என் மேசை மேலிருந்த தூசிதான். அதற்கு அடியில் நான் படிக்காமல் வைத்திருந்த திரைக்கதைகள். இப்போது ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திகில் படம் எடுக்க ஆசை உண்டு, ஆனால் துறைக்குள் நுழைய யாரையும் தெரியாது என்கிற இயக்குநர்களுக்கான அந்தத் திட்டத்துக்கு உன்னை மென்டராக, அதாவது வழிகாட்டியாக, கூப்பிட்டிருக்கிறார்கள். பெண்கள், அகதிகள், பூர்வகுடிகள், மாற்றுத்திறனாளிகள், திருநர்கள் என்று ஒரு பட்டியலே அனுப்பியிருக்கிறார்கள் என்றாய். "எனக்குப் படத்தை வெட்டி ஒட்டத்தான் தெரியும், இவர்களுக்கு நான் என்னடா சொல்லிக்கொடுப்பேன்?" என்று வேறு கேட்கிறாய்.

போ. ஆனால் நான் செய்த கூத்தைக் கேட்டுவிட்டுப் போ. இரண்டு வருடம் நானும் அப்படி ஒரு லேபில், அதாவது திரைக்கதையை வளர்க்கும் பட்டறையில், உட்கார்ந்திருந்தேன்.

முதல் வருடம் என்னிடம் வந்தவர்களில் ஒரு பெண்ணுக்குக் காது கேட்காது. பிறவியிலிருந்தே. அவள் கதையின் நாயகிக்கும் கேட்காது. அந்த வீட்டில் யாராவது அழைப்பு மணியை அழுத்தினால் கூடத்தில் ஒரு விளக்கு மின்னும். ஓர் இரவு அந்த விளக்கு மின்னுகிறது. போய்ப் பார்க்கிறாள், வாசலில் யாரும் இல்லை. கதவைச் சாத்துகிறாள், மறுபடி மின்னுகிறது. மூன்றாவது தடவை அவள் கதவைத் திறந்துகொண்டு வாசலில் நிற்கும்போதே, பித்தானை யாரும் தொடாமலே, அவளுக்குப் பின்னால் கூடத்தில் விளக்கு மின்னுகிறது. எதிர்ச்சுவரில் விழும் தன் நிழலைப் பார்த்துத்தான் அவளுக்கு அது தெரிகிறது. நிழலும் ஒன்றல்ல, இரண்டு.

இதைப் படித்துவிட்டு நான் எழுதிய நோட்ஸைக் கேள். "நல்ல காட்சி. ஆனால் திகில் என்பது பாதிக்கு மேல் சத்தம். இங்கே மாடிப்படி மெல்லக் கிறீச்சிடட்டும்." முப்பது வருட அனுபவமாம்! அவள் அதைப் படித்தாள், என்னைப் பார்த்தாள், சைகைமொழிபெயர்ப்பாளர் வழியாக ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "யாருக்குக் கிறீச்சிடும்?"

என்னிடம் பதில் இல்லை. படம் பார்ப்பவர்களுக்கு என்று சமாளித்தேன். சொல்லும்போதே அது நொண்டிச் சமாதானம் என்று எனக்கே தெரிந்தது. அவள் கதையில் பயம் வேறு வழியாக வருகிறது. ஓர் ஆள் தன் முதுகுக்குப் பின்னால் நடப்பது எதையும் அறிய முடியாது; ஒளியையும் தரையின் அதிர்வையும் நம்பித்தான் வாழ வேண்டும்; அந்த இரண்டுமே ஒருநாள் பொய் சொல்லத் தொடங்குகின்றன. எனக்குப் பழக்கமான சத்தத்தைக் கொண்டுபோய் அதற்குள் திணித்திருந்தால் இன்னொரு பழைய பேய் பங்களாதான் மிஞ்சியிருக்கும்.

அன்றைக்குப் புரிந்தது, இந்த ஏற்பாட்டை நான் தானம் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன் என்று. பாவம், வாய்ப்பில்லாதவர்கள், கொஞ்சம் கைகொடுப்போம் என்கிற நினைப்பு. ஆனால் பேய்ப்படத்துக்குத்தான் அவர்களின் தேவை அதிகம். இரவுக் காட்சி பார்த்துவிட்டு வரும் வழியெல்லாம் நீ ஒரே கேள்வி கேட்பாயே, ஞாபகம் இருக்கிறதா? "பேய் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அந்த வீட்டைவிட்டு ஏன் ஓடாமல் இருக்கிறார்கள்?" அந்த ஓட்டையை அடைக்க எத்தனை கார்கள் கிளம்ப மறுத்திருக்கின்றன, எத்தனை பாலங்கள் மழையில் அடித்துப் போயிருக்கின்றன!

2020-இல் வந்த 'ஹிஸ் ஹவுஸ்' படத்தைப் பார். இயக்குநர் ரெமி வீக்ஸ். தெற்கு சூடானிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த தம்பதிக்கு அரசாங்கம் ஒரு வீடு ஒதுக்குகிறது. அங்கேதான் இருக்க வேண்டும், வேறு இடத்துக்கு மாறக் கூடாது. மீறினால் அடைக்கலம் கேட்ட விண்ணப்பத்துக்கே ஆபத்து. சுவருக்குள் பேய், வாசலுக்கு வெளியே சட்டம். உன் கேள்விக்கு இதைவிட நேரான பதில் வேறென்ன வேண்டும்? அதற்கு நான்கு வருடம் முன்னால், 2016-இல், டெஹ்ரானில் பிறந்த பாபக் அன்வாரி 'அண்டர் த ஷேடோ' எடுத்தார். கதை நடப்பது ஈரான்-ஈராக் போர்க் காலத்தில். வீட்டுக்குள் இருக்கும் பேய்க்கு அஞ்சி ஒரு தாய் மகளைத் தூக்கிக்கொண்டு இரவில் தெருவுக்கு ஓடுகிறாள். ஓடியே விடுகிறாள்! ஆனால் தலையை மூடவில்லை என்று பிடித்துக்கொண்டு போகிறார்கள். பிறகு அதே வீட்டுக்குத்தான் திரும்பி வர வேண்டியிருக்கிறது. நீயும் நானும் கார் சாவியைத் தொலைக்கவைத்துக்கொண்டிருந்த இடத்தில் இவர்கள் எழுதியிருப்பதைப் பார்த்தாயா?

ஆனால் இதிலேயே ஒரு கண்ணி இருக்கிறது, நான் அதிலும் காலை விட்டேன்.

இரண்டாம் வருடம் தேர்வுக் குழுவில் இருந்தேன். 'கெட் அவுட்' வந்த பிறகு எல்லாக் குழுவிலும் அந்தப் பெயர் அடிபடும். 2017-இல் ஜோர்டன் பீல் எடுத்தது, நிறவெறியையே திகிலாக்கிய படம். சுமார் 45 லட்சம் டாலர் செலவு, உலகம் முழுக்க 25 கோடி டாலருக்கு மேல் வசூல், அசல் திரைக்கதைக்கான ஆஸ்கரை வாங்கிய முதல் கறுப்பினத்தவர் என்கிற பெருமை வேறு. அதன் பிறகு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு வாய்ப்பாடு கிடைத்துவிட்டது. விண்ணப்பிப்பவர் தன் காயத்தைக் கொண்டுவந்து வைக்க வேண்டும், பேய் அந்தக் காயத்துக்கு உருவகமாக இருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் ஒரு பையன் வந்தான். அகதியாக வளர்ந்தவன். ராட்சதப் பூச்சி ஒன்று குடியிருப்பைத் தின்பதைப் பற்றிய கதை. அசிங்கமாக, வேகமாக, வாய்விட்டுச் சிரிக்கும்படி எழுதியிருந்தான். எங்களில் ஒருவர் கேட்டார், "இதில் உங்கள் வாழ்க்கை எங்கே இருக்கிறது?" அவன், "பூச்சி நசுக்குகிற மூன்றாவது வீடு எங்களுடையதுதான், சார்" என்றான். எல்லோரும் சிரித்தோம். அப்புறம் அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை. நானும் கை தூக்கவில்லை.

அது இன்னும் உறுத்துகிறது. வசதியான இடத்திலிருந்து வருகிற பையன் பூச்சிப் படம் எடுத்தால் பூச்சி நன்றாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறோம். இவன் மட்டும் தன் துயரத்தைச் சீட்டுபோலக் கிழித்துக் கொடுத்தால்தான் உள்ளே விடுவோமா? வெறும் பேயை வெறும் பேயாக எடுக்கவும் அவனுக்கு உரிமை உண்டு. நீ குழுவில் இருக்கும்போது யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டால், எனக்காக ஒரு தடவை இருமு.

இன்னொன்று காசு. இதைச் சொல்லாமல் மற்றதையெல்லாம் பேசுவது வீண். 'தி பாபடூக்' என்ற திகில் படத்தை எடுத்த ஜெனிஃபர் கென்ட் அதன் கருவை வைத்து 'மான்ஸ்டர்' என்ற குறும்படத்தை 2005-இல் முடித்தார். முழுப்படம் வந்தது 2014-இல். நடுவில் ஒன்பது வருடம். அந்த இடைவெளியில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு ஃபிலிம்லாபில் உட்கார்ந்து திரைக்கதையை வளர்த்தார். செட்டுக்குப் பணம் போதாமல் பொதுமக்களிடம் நிதி கேட்டு சுமார் 30,000 டாலர் திரட்டினார்கள். நாம் குறும்படத்தைப் பற்றிப் பேசுவோம், முழுப்படத்தைப் பற்றிப் பேசுவோம். நடுவில் அந்த ஒன்பது வருடம் ஒரு மனுஷி எதைச் சாப்பிட்டாள், வாடகை எப்படிக் கொடுத்தாள் என்று யாரும் கேட்பதில்லை. அப்பா வீட்டு மாடியில் ஓர் அறை இருப்பவன் ஐந்து டிராஃப்ட் எழுதுவான். இல்லாதவன் இரண்டாவது டிராஃப்டோடு வேலைக்குப் போய்விடுவான். நாம் அவனைப் பார்த்துத் "திறமை உண்டு, ஆனால் கதை இன்னும் வேகவில்லை" என்போம்.

அதனால், உன்னைக் கூப்பிட்டவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, எழுதும் மாதங்களுக்குப் பணம் தருகிறார்களா என்பது. பரிசுத்தொகை, பாராட்டு விழா எல்லாம் அப்புறம். சைகைமொழிபெயர்ப்பாளருக்கான செலவையும் கேள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் செலவையும் கேள். என் லேபில் மொழிபெயர்ப்பாளரைத் தயாரிப்பாளர்களிடம் கதை சொல்லும் பிட்ச் நாளுக்கு மட்டும் ஏற்பாடு செய்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டில் மற்றவர்கள் தயாரிப்பாளர்களோடு கதை அளந்துகொண்டிருக்க, அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலை நடப்பதே அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் என்பது உனக்குத் தெரியாததா?

ஒப்பந்தத்தையும் படிக்கச் சொல். 1968-இல் வந்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' சுமார் 1,14,000 டாலரில் எடுத்த படம். கடைசி நேரத்தில் விநியோகஸ்தர் தலைப்பை மாற்றினார். பழைய தலைப்போடு சேர்ந்து காப்புரிமை அறிவிப்பும் பிரதியிலிருந்து போய்விட்டது. அப்போதைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச்சொத்தாகிவிட்டது. எவன் வேண்டுமானாலும் பிரதி போட்டு விற்றான். பில் கன் என்ற கறுப்பின இயக்குநரின் கதை இன்னும் மோசம். கறுப்பின ரத்தக்காட்டேரிப் படம் ஒன்று வேண்டும் என்று அவரைக் கூப்பிட்டார்கள். அவர் அந்தப் பணத்தில் தனக்கு வேண்டிய படத்தை எடுத்தார், 'கஞ்சா அண்ட் ஹெஸ்'. பெயரைப் பார்த்துச் சிரிக்காதே, கஞ்சா என்பது நாயகியின் பெயர். 1973-இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் காட்டினார்கள். ஊர் திரும்பியதும் தயாரிப்புத் தரப்பு அதைப் பிடுங்கி, வெட்டித் தைத்து, வேறு தலைப்பு வைத்துச் சந்தையில் விட்டது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஒரு பிரதி இருந்ததால்தான் அவர் எடுத்த படம் பிழைத்தது. கடைசி வெட்டு, அதாவது படத்தின் இறுதி வடிவம், யார் கையில் என்பது வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை என்று நீயே ஒரு மணி நேரம் அவர்களுக்குப் பாடம் எடுக்கலாம். வெட்டத்தான் தெரியும் என்றாயே, அது போதும்.

திட்டம் முடிந்த பிறகு என்ன என்பதையும் கேள். பட்டறையிலிருந்து பட்டறைக்குப் போய்க்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், கையில் ஆறு சான்றிதழ், ஒரு படம் கூட இல்லை. பயிற்சி கொடுப்பது சுலபம், பொறுப்பு கிடையாது. ஒரு தயாரிப்பாளருக்குப் போன் போட்டு "இந்தப் பெண்ணை நம்பலாம், நான் சொல்கிறேன்" என்பதுதான் கஷ்டம், நம் பெயர் போகுமே. திகில் படத்துக்கென்றே, இயக்குநர்கள் தயாரிப்பாளர்களைத் தேடும் சந்தைகள் இருக்கின்றன. தென்கொரியாவில் புச்சோன் விழாவோடு 2008-இலிருந்து நடக்கும் நாஃப், மாண்ட்ரியாலில் ஃபேன்டேசியா விழாவோடு நடக்கும் ஃப்ரோன்டியர், லத்தீன் அமெரிக்கப் படங்களுக்கு பிளட் விண்டோ. அங்கே அனுப்ப விமானச் சீட்டு தருவார்களா என்று கேட்டுவை.

நோட்ஸ் எழுதுவதில் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் முதல் சந்திப்பில் கருத்தே சொல்வதில்லை. "நீ கடைசியாக நிஜமாகவே எப்போது பயந்தாய்? அப்போது உடம்பில் எங்கே தெரிந்தது?" என்று மட்டும் கேட்கிறேன். ஒருவர் முழங்கால் என்றார், ஒருவர் நாக்கு என்றார். திரைக்கதையில் அந்த இடம் எங்கே என்று அதன் பிறகு தேடுகிறோம். பாதிப் பேருக்கு அது முதல் டிராஃப்டில் இருந்திருக்கிறது, யாரோ சொல்லி இரண்டாவதில் எடுத்திருக்கிறார்கள். அந்த யாரோ பெரும்பாலும் என்னைப் போன்ற ஆள்.

அந்தப் பெண் போன வாரம் நாலாவது டிராஃப்ட் அனுப்பினாள். கிறீச்சிடும் படி இல்லை, அதற்குப் பதில் படியே இல்லாத வீடாக மாற்றியிருக்கிறாள். எனக்கான கிண்டல் என்றுதான் நினைக்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டு உனக்கும் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். பதினான்காவது காட்சியைப் பார். விளக்கு மூன்றாவது தடவை மின்னும் இடத்தில் எத்தனை ஃபிரேம் இருட்டு விட வேண்டும் என்று அவளுக்கும் எனக்கும் சண்டை. நான் பன்னிரண்டு என்கிறேன். அவள் நாற்பது கேட்கிறாள். நாற்பது அதிகம் என்று நீ சொன்னால் உன் பெயரைச் சொல்லியே அவளிடம் சொல்வேன், அடி உனக்கு விழட்டும்.

இந்தத் தடவை ஐந்து மாதம் எடுத்துக்கொள்ளாதே.

உன்,
பழைய அறைத்தோழன்