கீழ்வீட்டு அங்கிளுக்கும் உங்கள் எல்லாருக்கும்

அன்புள்ளவர்களே,

தீபாவளிக்கு முந்திய வாரம் எங்கள் வீட்டில் நடந்தது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத இன்னும் தெம்பில்லை. தம்பி, அதாவது சிறப்புத் தேவையுள்ள என் மகன், நன்றாக இருக்கிறான். நானும் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

ஜொகூரிலிருந்து பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு ஓடிவந்த அக்கா, பள்ளி ஆசிரியை, பலதுறை மருந்தகத்து டாக்டர், நடுராத்திரியிலும் வாட்ஸ்அப்பில் பதில் போட்ட அம்மாக்கள், எல்லாருக்கும் நன்றி. தனித்தனியாகச் சொல்லாததற்குக் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும். எங்களுக்கு நேர் கீழ்வீட்டுச் சீன அங்கிள். தம்பிக்குத் தூக்கம் கலைந்தால் கூடத்தில் குதிப்பான். உடம்பு அடங்க அவனுக்கு அதுதான் வழி. பாய், கம்பளம் எல்லாம் விரித்துப் பார்த்தாயிற்று. வீவக எனும் அரசு அடுக்குமாடி வீட்டில் மேலே கோலிக்குண்டு உருண்டாலே கீழே கேட்கும் என்பார்கள். பதினொரு வயதுப் பையன் குதித்தால்? முன்பிருந்த புளோக்கில் புகார் மேல் புகார். அதனால் அங்கிள் கதவைத் தட்டியபோது 'சாரி' சொல்லிக்கொண்டேதான் திறந்தேன்.

"பையன் எத்தனை மணிக்குக் குதிப்பான்?" என்றார்.

நாலரை வாக்கில், என்றேன்.

"தாப்பா, பரவாயில்லை. நான் நாலேகாலுக்கு எழுந்துக்கிறேன். வயசானவனுக்கு என்ன தூக்கம்?"

மறுநாளிலிருந்து அந்த நேரத்துக்குக் கீழ்த்தளக் கல்மேசையில் காப்பியோடு உட்கார்ந்திருக்கிறார். சில நாள் சத்தமே இல்லையென்றால் மேலே வந்து, பையனுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரிக்கிறார். முறுக்கு கொண்டுபோனேன், கடிக்க முடியாதென்று பல்லைச் சுட்டிக்காட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார். லட்டை வாங்கிக்கொண்டார்.

எங்களைப் பொறுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். எங்களுக்காகத் தன் அலாரத்தை மாற்றிவைத்தவர் இவர்தான். அன்றிலிருந்து தம்பி குதித்தால் பிடித்து நிறுத்த நான் ஓடுவதில்லை. என்னைப் பாதி தின்றது அந்த ஓட்டம்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

உலகச் சுகாதார நிறுவனம் 2019ல் 'பர்ன்அவுட்' என்பதை வேலை சார்ந்த சோர்வு என்று வரையறுத்தது. வாழ்க்கையின் மற்ற பகுதிகளுக்கு அந்தப் பெயரைச் சொல்லக்கூடாதாம். சம்பளமும் எம்சி எனும் மருத்துவ விடுப்பும் இல்லாத வேலை கணக்கில் வராது போலிருக்கிறது. அதே 2019ல்தான் இங்கே மிதமான, கடுமையான சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும் கட்டாயக் கல்விக்குள் வந்தார்கள். நல்ல விஷயம், பள்ளி கிடைத்தது. பள்ளி விட்டதிலிருந்து விடியும்வரைக்கும்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

அங்கிள் இந்த மடலைப் படிக்கப் போவதில்லை, அவருக்குத் தமிழ் தெரியாது. நேரில் சொன்னால் கையை வீசி விரட்டிவிடுவார். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

இனி சனிக்கிழமை மதியங்களில் நாத்தனார் வந்து தம்பியை எம்ஆர்டி ரயிலில் வட்டப்பாதையில் சுற்றிக்காட்டக் கூட்டிப்போவார். அந்த நேரத்தில் பாத்திரம் கழுவமாட்டேன், துணி மடிக்கமாட்டேன். தூங்கப்போகிறேன். அப்போது யார் கூப்பிட்டாலும் எடுக்கமாட்டேன், தப்பாக நினைக்காதீர்கள்.