பெயின்ட் பூச்சுக்கு அத்தனை விளக்கம், புகை வடிகட்டிக்கு ஒரு வார்த்தை கூட இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் புதிய பிக்கப் வண்டிகளைப் பற்றி வெளிவரும் அறிமுகக் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். குதிரைத்திறன், இழுவிசை, டேஷ்போர்டுத் திரையின் அளவு, பின்தொட்டி தாங்கும் எடை ஆகிய எல்லாம் அவற்றில் குறைவின்றி இடம்பெறுகின்றன. ஆனால் வண்டி கைக்கு வந்த பிறகு, அதை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர் என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்பது பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது. விற்பனை நிலையங்களிலும் இதே குறைதான்.

நான் நீர் மோட்டார்களையும் குழாய்களையும் பொருத்தித் தரும் தொழில் செய்பவன். அதற்காகவே அண்மையில் ஒரு டீசல் பிக்கப் வாங்கினேன். சாவி கொடுத்த அன்று விற்பனைப் பிரதிநிதி செராமிக் கோட்டிங், இருக்கைத் துணிக்கான பாதுகாப்பு, அடிப்பாகப் பூச்சு என்று ஒவ்வொன்றையும் படம் காட்டி விளக்கினார்; ஒவ்வொன்றுக்கும் தனி வாரன்டி அட்டை உண்டு என்றும் சொன்னார். என்னுடைய அன்றாட ஓட்டம் எவ்வளவு, வண்டி நெடுஞ்சாலையில் ஓடுமா அல்லது பக்கத்துப் பக்கத்து வேலையிடங்களுக்குள்ளேயே சுற்றுமா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. இன்றைய டீசல் வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பதில் இந்தக் கேள்விக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இப்போது வரும் பெரும்பாலான டீசல் பிக்கப்களின் சைலன்சர் பாதையில் டி.பி.எஃப். எனப்படும் புகை வடிகட்டி இருக்கிறது. என்ஜினிலிருந்து வரும் புகையில் உள்ள நுண்ணிய கரித்துகள்களை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. பிடித்த கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். இல்லாவிட்டால் புகை வெளியேற வழியில்லாமல் என்ஜின் திணறும். நெடுந்தூரம் சீராக ஓடும் வண்டியில் அந்தச் சூட்டிலேயே கரியின் ஒரு பகுதி தானாகக் கருகிவிடும். போதாதபோது, என்ஜினின் கணினி கூடுதலாகச் சிறிது டீசலைச் செலுத்தி, வடிகட்டியின் வெப்பத்தை ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸுக்கு உயர்த்தி, மிச்சத்தை எரிக்கிறது. இதற்குப் பொதுவாகப் பத்து முதல் இருபது நிமிடம் தொடர்ந்து ஓட்டம் தேவைப்படுகிறது. ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துவதும், சாமான் இறக்கிவிட்டு மறுபடி ஐந்து நிமிடம் ஓட்டுவதுமாக இருக்கும் வண்டியில் இந்த வேலை பாதியில் நின்றுபோகிறது. அடுத்த முறை முதலிலிருந்து தொடங்கி, அதுவும் பாதியில் நிற்கிறது. கரி மட்டும் சேர்ந்துகொண்டே போகிறது.

எரிப்பு நடந்துகொண்டிருப்பதை ஓட்டுநரால் உணர முடியும். நின்றிருக்கும்போது என்ஜினின் சுழற்சி வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்திருக்கும். மின்விசிறி காரணமில்லாமல் வேகமாகச் சுழலும். சூடேறிய உலோக வாடை அடிக்கும். திரையில் எரிபொருள் செலவு சட்டென்று கூடித் தெரியும். அந்த நேரத்தில் வண்டியை அணைக்காமல் இன்னும் சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்தால் வேலை முடிந்துவிடும். இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். பிக்கப் வாங்குகிறவர்களில் வயல், தோப்பு, புல்வெளி என்று வண்டியை இறக்குகிறவர்கள் பலர். எரிப்பு நடக்கும்போது சைலன்சர் பாகங்கள் கொதித்துக் கிடக்கும் என்பதால், காய்ந்த புல்லின் மீதோ வைக்கோலின் மீதோ அப்போது வண்டியை நிறுத்தக்கூடாது. கையேட்டில் இந்த எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் கையேட்டை ஒரு உறைக்குள் போட்டு, உறையை முன்பெட்டிக்குள் வைத்து, அங்கே வைத்திருக்கிறோம் என்று சொல்வதோடு விற்பனையாளர்களின் கடமை முடிந்துவிடுகிறது.

எனக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். வண்டி புதுக்கருக்கு மாறாத நிலையிலேயே டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டி விளக்கை அணைத்துக் கொடுத்தார்கள். என்ன கோளாறு என்று கேட்டதற்கு, சென்சார் பிரச்சினை, சரியாகிவிட்டது என்றார்கள். சில நாட்களில் அதே விளக்கு மறுபடி எரிந்தது. இம்முறை வண்டி இழுக்கவும் மறுத்தது. என்ஜின் தன்னைக் காத்துக்கொள்வதற்காகச் சக்தியைக் குறைத்துக்கொள்ளும் நிலை அது. இரண்டாவது முறை பார்த்த மெக்கானிக்தான் பொறுமையாக உட்கார்ந்து, வண்டியை எப்படி ஓட்டுகிறீர்கள் என்று கேட்டார். திரையில் பதிவாகியிருந்த பி2463 என்ற எண்ணைக் காட்டி, வடிகட்டியில் கரி அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டதைக் குறிக்கும் எண் அது என்று விளக்கினார். ஸ்கேனர் மூலம் கட்டாய எரிப்பு செய்து, ஆயிலையும் மாற்றினார். முதல் முறை போட்ட ஜாப் கார்டில், அதாவது சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் வேலைப் பதிவுத் தாளில், இந்த எண்ணே இல்லை. பொதுப் பரிசோதனை என்று மட்டும் எழுதியிருந்தார்கள். வாரன்டிக் காலத்திற்குள் ஒரு கோளாறு திரும்பத் திரும்ப வருகிறது என்று நிரூபிக்க வண்டிக்காரரிடம் இருக்கும் ஆவணம் அந்த ஜாப் கார்டு ஒன்றுதான். ஆகவே நாம் சொன்ன குறை நாம் சொன்ன சொற்களிலேயே அதில் எழுதப்பட வேண்டும். கோளாறு எண் பதிவாக வேண்டும். வண்டி ஓடியிருக்கும் கிலோமீட்டர் குறிக்கப்பட வேண்டும். ஒரு பிரதி நம் கையில் இருக்க வேண்டும். இதைக் கேட்டு வாங்குவதற்கு யாரும் தயங்கத் தேவையில்லை.

ஆயிலை ஏன் மாற்றினார் என்பதும் முக்கியமானது. கரியை எரிப்பதற்காகக் கூடுதலாகச் செலுத்தும் டீசலைப் பல என்ஜின்களில் சிலிண்டருக்குள்ளேயே செலுத்துகிறார்கள். எரிப்பு அடிக்கடி தொடங்கி அடிக்கடி நின்றால், அந்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கி ஆயிலோடு கலக்கிறது. அப்போது ஆயில் குச்சியில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறுகிறது. ஆயில் குறையவில்லை, நல்லதுதான் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மேல் கோட்டைத் தாண்டி ஏறிய ஆயில், நீர்த்துப்போய் பேரிங்குகளைக் காக்கும் திறனை இழந்த ஆயில். மாதம் ஒரு முறையாவது சமதரையில் வண்டியை நிறுத்தி, குச்சியைத் துடைத்துப் பார்க்கும் பழைய பழக்கத்தைப் புதிய வண்டி என்பதற்காகக் கைவிடக்கூடாது. வடிகட்டி உள்ள என்ஜினுக்குச் சாம்பல் குறைவாக விடும் ரக ஆயிலையே ஊற்ற வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. கரியை எரித்துவிடலாம், ஆயிலில் சேர்க்கப்படும் வேதிப்பொருள்கள் விடும் சாம்பலை எரிக்க முடியாது, அது வடிகட்டியிலேயே தங்கி அடைத்துக்கொள்ளும்.

நாள்தோறும் குறுகிய தூரமே ஓடுகிறவர்கள் டீசல் பிக்கப் வாங்குவதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெட்ரோல் என்ஜின் அவர்களுக்குப் பொருத்தமாக இருக்கலாம். டீசல்தான் வேண்டுமென்றால், வாரத்தில் ஒரு நாள் தடையில்லாத சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுவதைப் பராமரிப்பின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

புது என்ஜினின் பாகங்கள் ஒன்றோடொன்று பழகும் பழக்கக்காலம் பற்றியும் தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை மெதுவாக உருட்டிக்கொண்டே போனால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு ஒட்டிப் பழகுவதற்கு மிதமான சுமையும் மாறி மாறி வரும் வேகமும் தேவை. ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் ஓட்டுவதும், நிறுத்தி வைத்து என்ஜினை வெறுமனே ஓடவிடுவதும், முழுப் பாரம் ஏற்றி மேட்டில் மிதிப்பதும் கூடாது. முதல் 800 கிலோமீட்டர் வரை டிரெய்லரே இழுக்க வேண்டாம் என்று சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. என்ஜினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் டர்போ உள்ள வண்டியை, பாரத்தோடு மேடேறி வந்தவுடன் சட்டென்று அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் தண்டுக்கு ஆயில் ஓட்டம் நின்றுவிட்டால், உள்ளே தங்கிய ஆயில் சூட்டில் கருகிப் படியும். புகையில் உள்ள நச்சு வாயுவைக் குறைப்பதற்கான யூரியாக் கரைசல் தொட்டி உள்ள வண்டிகளில், 32.5 சதவீத யூரியா கொண்ட அந்தக் கரைசலைத் தவிர வேறெதையும், வெறும் தண்ணீரைக்கூட, அதில் ஊற்றக்கூடாது. தவறிப்போய் அந்தக் கரைசல் டீசல் தொட்டிக்குள் போய்விட்டால் சாவியையே திருப்பாமல் வண்டியைக் கட்டி இழுத்துச் செல்வதுதான் வழி.

இனி பெயின்ட். இதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய வண்டி பல ஆண்டுகள் பொலிவோடு இருக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் எதை எது காக்கும் என்று தெரிந்து செலவிட வேண்டும். தொழிற்சாலையில் பூசப்படும் எல்லா அடுக்குகளும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் தடிமன்தான்; தங்கள் நாளிதழின் தாள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஏறத்தாழ அவ்வளவு வரும். அதிலும் வெயிலையும் கீறலையும் தாங்கும் மேல் அடுக்கான கிளியர் கோட் ஏறக்குறைய 40, 50 மைக்ரான் மட்டுமே. பாலிஷ் போடும் ஒவ்வொரு முறையும் அதிலிருந்து சிறிது தேய்ந்து போகிறது என்பதால், புத்தம் புதிய வண்டிக்குக் காரணமின்றி இயந்திரப் பாலிஷ் போடச் சம்மதிக்கக்கூடாது.

செராமிக் கோட்டிங் என்பது அந்த அடுக்கின் மீது ஒட்டும், சில மைக்ரானைத் தாண்டாத மெல்லிய பூச்சு. தண்ணீர் நிற்காமல் வழிந்தோடும், அழுக்கு எளிதில் கழுவப்படும், வெயிலில் நிறம் மங்குவது குறையும். இவை உண்மையான பயன்கள். ஆனால் லாரியின் பின்னால் போகும்போது தெறிக்கும் கல்லை அது தடுக்காது. விளம்பரத்தில் வரும் 9எச் என்ற குறியீடு பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. வைரம், பாறை ஆகியவற்றின் கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலின் ஒன்பது அன்று. கல்லடியைத் தாங்குவது பி.பி.எஃப். எனப்படும் பாலியூரித்தேன் படலம்தான். 150 முதல் 200 மைக்ரான் வரை தடிமன் உள்ள அது அடியை வாங்கிக்கொள்ளும். தரமான படலத்தில் விழும் சிறு கீறல்கள் வெயில் சூட்டிலேயே மறைந்துவிடும். வண்டி முழுவதும் ஒட்டுவது செலவு மிகுந்தது. பானட்டின் முன்விளிம்பு, பின்சக்கரத்திற்கு முன்னால் உள்ள கீழ்ப்பகுதி, கதவுப் பிடிக்குள் நகம் படும் குழிவு, சாமான் ஏற்றும்போது உரசும் பின்தொட்டியின் மேல்விளிம்பு ஆகிய இடங்களில் மட்டும் ஒட்டினாலே பிக்கப்புக்குப் பெரும்பாலும் போதும். எந்தப் பூச்சு போட்டிருந்தாலும், தூசி படிந்த வண்டியைக் காய்ந்த துணியால் துடைப்பதை நிறுத்தாவிட்டால் பயனில்லை. வெயிலில் பார்த்தால் வட்ட வட்டமாகத் தெரியும் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் இந்தத் துடைப்பால் வருபவையே. பறவை எச்சத்தை ஊறவிடாமல் அன்றே ஈரத்துணியால் நனைத்து எடுத்துவிட வேண்டும்.

பிக்கப்பில் துரு முதலில் தாக்குவது பளபளக்கும் பானட்டை அன்று, பின்தொட்டியையும் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸையும்தான். தொட்டிக்குள் இறக்கிவைக்கும் பிளாஸ்டிக் உறைக்கு அடியில் மணலும் ஈரமும் புகுந்து, வண்டி அதிர அதிரப் பெயின்ட்டை அரைத்துவிடும். என் வண்டியில் குழாய் ஏற்றி இறக்கிய சில நாட்களுக்குப் பிறகு உறையின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தபோது, திருகாணி துளைத்த இடத்தைச் சுற்றி வெள்ளைத் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. முறையாகத் தேய்த்துத் தயார் செய்த பின் தெளித்துப் பூசும் பாலியூரியா பூச்சு இதைவிட நல்லது. அல்லது கழற்றி உலர்த்தக்கூடிய ரப்பர் விரிப்பே போதும். அடிப்பாகப் பூச்சு போடும்போது சேசிஸிலும் கதவுகளின் அடியிலும் உள்ள நீர் வடியும் துளைகளை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடைத்துவிட்டால், துருவைத் தடுக்கப் போட்ட பூச்சே தண்ணீரை உள்ளே பூட்டி வைத்துத் துருவை வளர்க்கும்.

விற்பனை நிலையங்களுக்கு என் கோரிக்கை இரண்டு. வண்டியைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே வாடிக்கையாளரின் அன்றாட ஓட்டத்தைக் கேட்டு, அவருக்கு டீசல் பொருந்துமா என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒப்படைக்கும் நாளில், புகை வடிகட்டி, ஆயில் ரகம், பழக்கக்காலம், எச்சரிக்கை விளக்குகளின் பொருள் ஆகியவற்றை வாடிக்கையாளரின் மொழியில் ஒரே தாளில் அச்சிட்டு, படித்து விளக்கிய பிறகு கையெழுத்து வாங்க வேண்டும். பூச்சுப் பொதிகளுக்கு இப்போது வாங்கும் கையெழுத்துகளோடு ஒப்பிட்டால் இது பெரிய சுமையன்று. தங்களிடம் கேட்பது ஒன்று: வாகனப் பக்கத்தில் வாரந்தோறும் அறிமுகமாகும் வண்டிக்குப் பக்கத்தில், அந்த வண்டியைப் பராமரிப்பது பற்றி ஒரு பத்தி ஒதுக்கி, அதை அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரைக் கொண்டு எழுதச் செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகன்