அந்த ஒரு வரி

அன்புள்ள சேகர்,

வேலை போன கதையை மூன்று பக்கம் எழுதியிருந்தாய். பிரஷர் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டு மிச்சம் பிடிப்பதை மட்டும் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாய். என் தூக்கத்தைக் கெடுத்தது அந்த ஒரு வரிதான்.

வைத்தியம் என்றால் அமெரிக்காதான் என்று கல்லூரியில் நாம் இருவரும் வாய் ஓயாமல் பேசுவோமே, நினைவிருக்கிறதா? பாரிசுக்கு வந்த பிறகும் நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அதைக் கலைத்தது 2008இல் நோல்ட்டி, மெக்கீ என்ற இரண்டு லண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கணக்கு. வேளையோடு வைத்தியம் கிடைத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள், 75 வயதுக்குள் எத்தனை என்று 19 பணக்கார நாடுகளில் எண்ணிப் பார்த்தார்கள். 2002-03 நிலவரப்படி லட்சம் பேருக்குப் பிரான்சில் சுமார் 65, அமெரிக்காவில் சுமார் 110. பிரான்ஸ் முதலிடம், உன் ஊர் கடைசி. ஐந்து வருடத்துக்கு முன் 15ஆவதாக இருந்த நாடு! அங்கேயும் சாவு குறையத்தான் செய்தது, ஆனால் 4 சதவீதம்தான். எல்லா நாடுகளின் சராசரி 16. இத்தனைக்கும் மருத்துவத்துக்குத் தலைக்கு அமெரிக்கா செலவழித்தது பிரான்சைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு.

கணக்கில் யூகமும் உண்டு, மறைக்கவில்லை. மாரடைப்புச் சாவுகளில் பாதியைத்தான் சேர்த்தார்கள். சர்க்கரை நோய் என்றால் 50 வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும். நுரையீரல் புற்றுநோயும் கல்லீரல் சிரோசிசும் பட்டியலிலேயே இல்லை. சிகரெட்டும் ஒயினுமாக வாழும் பிரெஞ்சுக்காரர்களுக்கு இது வசதியாகப் போயிற்று என்று நீ சிரிப்பாய். சிரி. மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் அமெரிக்கா யாருக்கும் சளைத்ததில்லை என்பதும் உண்மைதான்.

ஆனால் வெடித்த குடல்வால், பிரசவச் சாவு, காசநோய், ரத்த அழுத்தம், பக்கவாதம் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இவற்றுக்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம், நோயாளி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். அமெரிக்க டாக்டருக்குக் கை வராமல் போகவில்லை. ஆனால் எத்தனை பில் வருமோ என்று பயந்து வீட்டிலேயே உட்கார்ந்திருப்பவனை அவர் எப்படிப் பார்ப்பார்? இங்கே குடும்ப டாக்டருக்கு 30 யூரோ. அரசுக் காப்பீட்டுக்கான பச்சை நிற அட்டையை நீட்டினால் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். வேலை போனாலும் அந்த அட்டை செல்லும். அதனால்தான் லேசான தலைசுற்றலுக்கெல்லாம் நான் போய் நிற்கிறேன், டாக்டருக்கே அலுத்துவிட்டது. சொர்க்கம் என்று சொல்லவில்லை. போன வருடம் கண் டாக்டரைப் பார்க்க நாலு மாதம் காத்திருந்தேன், அவர் என்னைப் பார்த்தது ஏழு நிமிடம்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். 2010இல் ஒபாமா கொண்டுவந்த சட்டத்தின்படி, வேலையோடு காப்பீடும் போனால் 60 நாளுக்குள் நீயே புதிதாக ஒன்று வாங்கலாம், வருடாந்திரப் பதிவுக்குக் காத்திருக்க வேண்டாம். வருமானம் குறைந்திருப்பதால் மானியமும் கிடைக்கக்கூடும். பழைய கம்பெனிக் காப்பீட்டையே தொடரலாம்தான், ஆனால் கம்பெனி கட்டிய பங்கையும் நீயே கட்டவேண்டும், கட்டுபடியாகாது. அதுவரை, வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் சமூக சுகாதார நிலையம் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று விசாரி. கௌரவம் பார்க்காதே. உன் கடிதப்படி 40 நாள் ஓடிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு இரவு, உனக்கு மதியம், அப்போது கூப்பிடுகிறேன். மருந்துக்கடையில் அளக்கிற மெஷின் இருந்தால் கையை விட்டுப் பார்த்துவிட்டு வா. மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு, இரண்டும் சொல்ல வேண்டும். "நார்மல்தான்டா" என்று மழுப்பினால் உன் மனைவியிடம் போனைக் கொடுக்கச் சொல்வேன்.

அன்புடன்,
ரவி