ஜாக்கியை நம்பி அடியில் படுக்கச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாகனப் பக்கத்தில், பிக்கப் வண்டியைக் கனரக ஜாக்கியால் தூக்கிவிட்டால் அடியில் தாராளமாகப் படுத்து வேலை பார்க்கலாம் என்று ஒரு வரி வந்திருந்தது. படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 31 ஆண்டுகள் வண்டிக்கு அடியில் படுத்துப் பிழைத்தவன் நான். அந்த வரியை நம்பி எவராவது படுத்துவிட்டால் யார் பதில் சொல்வது?

தூக்குவது ஜாக்கியின் வேலை. தூக்கியதைத் தாங்குவதற்கு ஸ்டாண்டு என்ற இரும்புத் தாங்கி இருக்கிறது. கட்டுரை முழுவதும் தேடினேன், அந்தச் சொல்லே இல்லை. ஜாக்கியின் மேல் 3 டன் என்று எழுதியிருந்தாலும், உள்ளே எண்ணெயை அடைத்து நிற்பது சிறிய சீல்தான். அது தேய்ந்தால் வண்டி கண்ணுக்குத் தெரியாமல் இறங்கும், கிழிந்தால் ஒரேயடியாக இறங்கும். இது தங்களுக்குத் தெரியாததல்ல. பாஸ்கலின் விதிக்கும், 1795-இல் ஜோசப் பிராமா ஹைட்ராலிக் அழுத்தப்பொறிக்குக் காப்புரிமை பெற்ற கதைக்கும் அரைப்பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஸ்டாண்டுக்கு ஒரு வரி ஒதுக்கக் கூடாதா?

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பிக்கப்பின் பின்பக்கத்தைத் தூக்கினேன். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தேன், கியரிலும் விட்டிருந்தேன். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைக்கவில்லை. பெரும்பாலான பிக்கப்களில் ஹேண்ட் பிரேக்கும் கியரும் பிடிப்பது பின்சக்கரங்களைத்தான் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. அவை இரண்டும் தரையை விட்டு எழும்பியபின் பிரேக்கும் உதவவில்லை, கியரும் உதவவில்லை. சக்கரத்தைக் கழற்றி வைத்த சற்று நேரத்தில் வண்டி ஒரு சாண் முன்னால் நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்து, பிரேக் டிரம் தரையில் இறங்கியது. தலை வெளியே இருந்ததால் உயிர் பிழைத்தேன். டிரம்மைப் பிடித்திருந்த இடது கையில் சுண்டுவிரல் இன்றும் மடங்காது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் ஆப்பு வடிவில் இரண்டு மரக்கட்டைகளைச் செதுக்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். அவற்றை இன்றும் வைத்திருக்கிறேன்.

இந்த ஒரு கட்டுரையோடு போயிருந்தால் பொறுத்திருப்பேன். முன்பு டயர் மாற்றுவது பற்றி எழுதியபோது, சக்கரம் அந்தரத்தில் இருக்க, இறுகிய நட்டின் ஸ்பேனரை ஒருவர் காலால் மிதிக்கும் படத்தைப் போட்டீர்கள். நட்டைத் தளர்த்துவது சக்கரம் தரையில் இருக்கும்போதே செய்யவேண்டிய வேலை. அந்த மிதி ஜாக்கியைச் சாய்க்கப் போதும். அதற்கும் முன்னால், முட்டுக்குச் செங்கல் அடுக்கலாம் என்று ஒரு வாசகர் குறிப்பு வந்தது. செங்கல் எச்சரிக்கை தராமல் நொறுங்கும். இரண்டுக்கும் கடிதம் எழுதினேன். அவை அச்சில் வரவில்லை, பதிலும் வரவில்லை. ஆனால் எங்கள் தொழிலில் ஒருவர் நசுங்கிச் செத்தால் மட்டும் "கவனக்குறைவு" என்று தலைப்பிடத் தங்கள் இதழுக்குத் தயக்கமே இல்லை. அவருக்கு யாராவது சரியாகச் சொல்லிக்கொடுத்தார்களா என்று ஒருமுறையாவது கேட்டதுண்டா? நெடுநாள் வாசகன் என்ற உரிமையில் கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். வண்டி சமமான, கெட்டியான தரையில் நிற்க வேண்டும், சுமை இறக்கப்பட்டிருக்க வேண்டும், தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். வண்டியின் கையேடு காட்டும் இடத்தில்தான் ஜாக்கியை வைக்க வேண்டும். உயர்த்தியதும் இருபுறமும் ஸ்டாண்டு கொடுத்து, பாரத்தை அதன்மேல் இறக்கி, வண்டியைக் கையால் தள்ளி அசைகிறதா என்று பார்த்த பிறகே அடியில் போக வேண்டும். இவ்வளவும் பத்து வரிகளில் அடங்கிவிடும். அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவர்