அமெரிக்க மால்ட்டுக்கு வயது மட்டும் பார்க்காதீர்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் விஸ்கி கட்டுரை அமெரிக்க சிங்கிள் மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து ஒரே டிஸ்டிலரியில் வடிக்கும் விஸ்கியை, ஒரே பத்தியில் முடித்துவிட்டது. பீப்பாயில் நாலு வருடம் கிடந்த சரக்கு பன்னிரண்டு வருட ஸ்காட்ச் பக்கத்தில் நிற்காது என்பதுதான் அதன் சாரம். சியாட்டிலில் குடியிருப்பவன், இந்தப் பக்கத்து மால்ட்டை விரும்பிக் குடிப்பவன் என்பதால் மறுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பத்து, பன்னிரண்டு வருடம் என்பது ஸ்காட்லாந்தின் குளிருக்கும் பழைய பீப்பாய்க்கும் ஏற்ற கணக்கு. போர்பனோ (மக்காச்சோளத்தில் வடிக்கும் அமெரிக்க விஸ்கி) ஷெர்ரியோ (ஸ்பெயின் நாட்டு ஒயின்) இருந்து காலியான பீப்பாயில்தான் அங்கே பெரும்பாலும் மால்ட்டை ஊற்றுகிறார்கள். மரத்தின் வீரியம் ஏற்கெனவே குறைந்திருக்கும். மிச்சம் மெதுவாகத்தான் இறங்கும். டென்வரின் ஸ்ட்ரானஹான்ஸ் நிறுவனமோ உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாய்க்குப் பேர்போனது. டெக்சாஸ் மாநிலம் வேக்கோவில் இருக்கும் பால்கோன்ஸ் டிஸ்டிலரிக்கு வெயிலும் சேர்ந்துகொள்கிறது. சூட்டில் மரத்தின் சாரம் வேகமாக இறங்கும், ஆவியாகிப் போவதும் அதிகம். அங்கே பன்னிரண்டு வருடம் வைத்தால் மிஞ்சுவது கொஞ்சம். அதுவும் மரக்கஷாயமாக இருக்கும். பெங்களூரின் அம்ருத்தும் கோவாவின் பால் ஜானும் இளம் வயதிலேயே பாட்டிலுக்குப் போவது இதே காரணத்தால்தானே?

இன்னொரு விஷயத்தைக் கட்டுரை தொடவே இல்லை. அமெரிக்க சிங்கிள் மால்ட் இப்போது அந்நாட்டுச் சட்டப்படி தனி வகை. 2025 ஜனவரி 19 முதல் விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. முழுக்க முளைகட்டிய பார்லி, ஒரே டிஸ்டிலரி, 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாய், குறைந்தது 40% ஆல்கஹால். இதுவரை ஸ்காட்ச் மாதிரியேதான். ஆனால் ஸ்காட்லாந்தில் பாட் ஸ்டில் எனும் பானை வடிவ வடிகலத்தில்தான் வடிக்க வேண்டும், 3 வருடமாவது பீப்பாயில் கிடக்க வேண்டும். அமெரிக்காவில் எந்த ஸ்டில்லும் சரி, வருடக் கெடுவும் கிடையாது. இந்தக் கடைசி விஷயம் எனக்கும் உறுத்தல்தான். 4 வருடத்துக்குக் குறைவானால் வயதை லேபிளில் போட்டே ஆக வேண்டும் என்பதால் ஓரளவு ஏமாறாமல் தப்பிக்கலாம். கேரமல் நிறம் கலந்தால் அதையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் விற்கும் ஸ்காட்சுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

சரி, ருசிக்கு வருவோம். எங்கள் ஊரில் வெயில் குறைவு, வெப்பக் கணக்கு இங்கே எடுபடாது. இங்குள்ள வெஸ்ட்லேண்ட் டிஸ்டிலரி வித்தியாசப்படுவது தானியத்தில். கறுப்பு பீருக்குப் போடும் வறுத்த மால்ட் வகைகளையும் சேர்க்கிறார்கள். அதனால் கோகோ, காப்பி வாசம் வருகிறது. ஸ்காட்சில் இதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இப்பகுதியில் வளரும் கேரி ஓக் மரத்தின் பீப்பாயிலும் அவர்கள் ஒரு விஸ்கி போடுகிறார்கள். கிராம்பு போல லேசாகக் காரம் ஏறும். புகை வாசத்துக்கும் ஸ்காட்லாந்தில் எரிக்கும் பீட் என்ற சதுப்புநில மண்கட்டிதான் வேண்டுமென்பதில்லை. அரிசோனாவின் டூசானில் டெல் பாக் நிறுவனம் மெஸ்கீட் விறகை மூட்டி மால்ட்டை உலர்த்துகிறது. மெஸ்கீட் வேறொன்றுமில்லை, ராமநாதபுரத்தில் கரிமூட்டம் போடுகிற சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம்! ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கியின் மருந்து வாடை இதில் இருக்காது. விறகடுப்புப் புகைதான்.

எல்லாமே பிரமாதம் என்று சொல்ல வரவில்லை. புது ஓக்கின் வாசம் பார்லியின் ருசியை அமுக்கிப்போட்டு, போர்பன் மாதிரியே ஆகிவிட்ட பாட்டில்கள் நிறைய. விலையும் கூடுதல். இளம் சரக்குக்குப் பன்னிரண்டு வருட ஸ்காட்சின் விலையைக் கேட்டால் வாங்குபவர் யோசிக்கத்தான் செய்வார்.

ஸ்காட்சோடு நேருக்கு நேர் ஒப்பிட்டே தீர வேண்டுமென்றால் ஓரிகன் மாநிலத்தின் மெக்கார்த்தீஸ் விஸ்கி பொருத்தமானது. பீட் புகையேறிய பார்லியை ஸ்காட்லாந்திலிருந்து வரவழைத்து, ஓரிகன் ஓக்கில் மூன்றே வருடம் வைத்துப் பேர் வாங்கியது அது. கட்டுரையாளர் அடுத்த முறை அதையும் ஐலாவின் 16 வருட விஸ்கியான லகாவுலின் 16-ஐயும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்து எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சியாட்டில்