படுவான்கரைத் தங்கச்சிக்கு

அன்பான தங்கச்சி,

நீ ஊருக்குப் போய் இன்றைக்குப் பன்னிரண்டு நாள். பஸ் படியில் நின்றுகொண்டு, "நான் பெரிசா என்னக்கா செஞ்சன், பிற்பாட்டுத்தானே பாடினன்" என்று சொன்னாய். (கூத்தில் ஆடுகிறவர் பாடிய அடியைத் திருப்பிப் பாடுவதுதான் பிற்பாட்டு.) நான் வாயைத் திறப்பதற்குள் பஸ்ஸை எடுத்துவிட்டார்கள். அன்றைக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இப்போது எழுதுகிறேன். பகலில் கடையிலும் இரவில் கூத்துப் பழகும் முற்றத்திலும் கால் கடுக்க நிற்கிற வேறு பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பொதுவில் வைக்கிறேன். உன் பெயரும் ஊரும் இதில் இல்லை, பயப்படாதே.

சித்திரை வருசத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது நீ வந்தாய். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த நேரம். உன் அம்மா காலத்தில் என்றால் படுவான்கரையிலிருந்து, அதாவது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலிருந்து, வர மண்முனைத் துறையில் பாதை ஏறித்தான் அந்த ஆற்றைக் கடந்திருக்க வேண்டும். (ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம்.) 2014இல் பாலம் திறந்த பிறகு வளர்ந்த பிள்ளை நீ, பஸ்ஸிலேயே வந்து இறங்கினாய். கல்லடியில் சித்தி வீட்டில் தங்கல், மட்டக்களப்பு டவுனில் ஒரு புடவைக்கடையில் வேலை. காலை எட்டரைக்குப் போனால் இரவு ஏழு ஏழரைக்குத்தான் விடுவார்கள். வருசச் சீசனில் அதுவும் இல்லை.

அந்தக் கடையில் விற்கிற பிள்ளைகள் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று சட்டம். வாடிக்கையாளர் ஒருவரும் இல்லாத நேரத்திலும் நிற்க வேண்டும். முதல் மாதம் உன் கணுக்கால் வீங்கியிருந்ததை நான் பார்த்தேன். செருப்பின் வார் பதிந்த தடம் விடியும்வரை மாறவில்லை என்று உன் சித்தி சொன்னா. தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்தினார்கள். ஒரு ஸ்டூல் போடுவதற்கே ஒரு சட்டம் வேண்டியிருக்கிறது, பார். எனக்கு அதை நினைக்க இப்போதும் கோபம்தான் வருகிறது.

சரி, கூத்துக்கு வருகிறேன்.

நீ முதல் நாள் எங்கள் முற்றத்துக்கு வந்தபோது மணி எட்டு. கேட்டடியில் நின்றாய். தோளில் குத்தியிருந்த ஊசியில் ஒரு விலைச்சீட்டு அப்படியே தொங்கியது. உள்ளே வா என்றபோது, "சும்மா பார்க்கத்தான்" என்றாய். அப்படியே நாலு நாள் பார்த்தாய். வடமோடி (மட்டக்களப்புக் கூத்தின் இரண்டு வகையில் ஒன்று), அபிமன்யு கதை, ஒன்றரை மணித்தியாலம். ஆடுகிற பிள்ளைகள் பாதிப்பேர் முறையாகச் சங்கீதமும் நடனமும் படித்தவர்கள். நானும் பதினைந்து வருசமாகப் பிற்பாட்டில் நிற்கிறவள். எங்களுக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஐந்தாம் நாள் அருச்சுனன் வரவு, அவன் களத்துக்கு வரும் பாட்டும் ஆட்டமும். அவன் ஒரு அடி பாடி முடிக்க, நாங்கள் அதைத் திருப்பிப் பாடினோம். கச்சேரியில் பாடுவதுபோல் கடைசி எழுத்தை இழுத்து, அழகாக இறக்கி. மூன்று தரம் பாடியும் ஆடுகிறவனுக்குக் கால் விழவில்லை. வீசாணம் என்கிற ஆட்டம் எடுக்கப் போனால் தாளம் முன்னுக்குப் போய்விடுகிறது. நாலாம் தரம் எங்களுக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் சேர்ந்தது. கடைசி எழுத்தை இழுக்கவில்லை. கையிலுள்ளதைத் தூக்கி எறிவதுபோல் சட்டென்று வெட்டிவிட்டது. அந்த வெட்டு விழுந்த இடத்தில் மத்தளம் 'தா' என்று விழ, அவன் பாதமும் அதோடு நிலத்தில் விழுந்தது.

கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தை உள்ளங்கையால் அமர்த்திப் பிடித்தார். "ஆரு புள்ள அது?" என்று கேட்டார். நீ தூணோடு ஒட்டிக்கொண்டாய். எந்தப் பக்கம் என்று கேட்டதற்குப் படுவான்கரை என்றாய். "அதானே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. உன்னைக் கூப்பிட்டுத் தன் இடப்பக்கம், சல்லரி (கைத்தாளம்) தட்டுகிறவருக்குக் கிட்ட நிறுத்தினார். மறுகா அந்த வரவை நாங்கள் எல்லாரும் உன் வாயைப் பார்த்துத்தான் பாடினோம்.

ஆர் சொல்லித் தந்தது என்று நான் கேட்டேன். ஒருவரும் இல்லை என்றாய். கூத்து அரங்கேறும் இரவில் களரிக்கு (கூத்தாடும் இடத்துக்கு) கிட்டப் பாய் போட்டு, அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்தபடி விடிய விடியக் கேட்டதுதானாம். பொம்பிளைப் பிள்ளைகள் களரியைச் சுற்றி இருக்கலாம், ஏற விடமாட்டார்கள் என்றும் சொன்னாய். அதைச் சொல்லும்போது உன் முகத்தில் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் நெஞ்சு அடைத்தது.

பிற்பாட்டு என்றால் என்னவென்று நான் சொல்லி உனக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன். கூடைபோல் விரிந்த கரப்புடுப்பும் முடியும் சுமந்துகொண்டு ஆடுகிறவன் தானே பாடவும் வேண்டும். பாடிய அடியை அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் வாங்கிக்கொள்கிற அந்த இடத்தில்தான் அவன் மூச்செடுக்கிறான், ஆட்டத்தை விரிக்கிறான். நாங்கள் இழுத்தால் அவன் தவறுவான், நாங்கள் ஓடினால் அவன் விழுவான். அவனுடைய மூச்சு எங்கள் தொண்டையில் இருக்கிறது. அதைத்தான் நீ "தானே" போட்டுச் சொன்னாய்.

1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தை மேடைக்குக் கொண்டுபோனபோது, ஒரு இரவு முழுக்க ஆடுவதைச் சுருக்கினார். மாணவர்களுக்கு ஆட்டம் பழக்க வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியாரைத்தான் கூப்பிட்டார். 1964இல் இராவணேசன் ஆடியது அப்படித்தான். கூத்தைப் பார்க்காத எத்தனையோ பேர் அதனால் பார்த்தார்கள். நாங்கள் இன்று ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஆடுவதும் அந்த வழியில்தான். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சுருக்கிச் சுருக்கி வரும்போது, மடியில் படுத்துக் கேட்கிற அந்த நீண்ட இரவு டவுன் பிள்ளைகளுக்கு இல்லாமல் போய்விட்டது. அடவு தெரியும், பாட்டுத் தெரியும், எங்கே வெட்ட வேண்டும் என்பது மட்டும் காதில் இல்லை. உன் காதில் அது இருந்தது.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு ஊருக்குப் போனாய். சடங்கை முடித்துவைக்கிற குளிர்த்தி முடிந்து, கண்ணகி கதையைப் பாடுகிற வழக்குரை கேட்ட கண் மூடாத இரவுகளோடு தொண்டை கட்டித் திரும்பி வந்தாய். கடையில் நாலு நாள் சம்பளம் வெட்டினார்கள். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டு அன்றிரவே வந்து நின்றாய்.

ஆடியில், மாமாங்கக் கோயிலில் கொடியேறிய நாட்களில் கடையில் மறுபடியும் சனம். ஆட்டம் நடந்த அன்றும் உன்னை நேரத்துக்கு விடவில்லை. ஏழு இருபதுக்குப் பழைய கல்லடிப் பாலத்தால் ஓடி வந்தாய் என்று பிறகுதான் தெரியும். கடைச் சேலையோடு வந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் சல்லரிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாய். கச்சான் காற்று மைக்கில் இரைந்துகொண்டிருந்தது. எங்கள் சத்தம் எங்களுக்கே கேட்கவில்லை. நான் உன் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டேன். நீ மூச்சு இழுக்கும்போது உன் தோள் உயரும், அதைப் பிடித்துத்தான் அன்று முழுக்கப் பாடினேன். அபிமன்யு விழுகிற இடத்தில் சனம் அப்படியே அடங்கிப்போனது உனக்கும் ஞாபகம் இருக்கும்.

அப்புறம் ஒரு விசயம். உன் அம்மப்பா வாலிபத்தில் தருமர் ஆடினவர், கூத்துக் கொப்பி இன்னும் பெட்டிக்குள் கிடக்கிறது, கறையான் தின்னுது என்று ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். அந்தக் கொப்பியை வெளியே எடு. ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் பிடி. ஆனால் கொப்பியில் சொல் மட்டும்தான் இருக்கும். எங்கே வெட்டுவது என்பது அவருடைய தொண்டையில் இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெயில் தாழும் நேரம் அவர் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு தருவாக (கூத்துப் பாட்டாக) பாடச் சொல்லிப் பதிவு செய். இருமினாலும் நிறுத்தாதே, அதுவும் பதியட்டும்.

வருகிற வருசம் உனக்கு ஆட ஒரு பாத்திரம் தர வேண்டும் என்று நான் கேட்டுவிட்டேன். அண்ணாவியார் மறுக்கவில்லை. சுபத்திரையா அபிமன்யுவா என்பதை நீதான் சொல்ல வேண்டும். அபிமன்யு என்று சொல்ல உனக்கு ஆசை இருந்தால் வெட்கப்படாமல் சொல்லு.

சிறுபோக வேளாண்மை வெட்டு முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் உன் ஊருக்கு வருகிறேன். உன் அம்மப்பாவைப் பார்க்கத் தானும் வருவதாக அண்ணாவியார் சொல்கிறார், மத்தளத்தோடு. முதல் பஸ்ஸில் வருவோம். அவருக்கு இரவில் சோறு ஒத்துக்கொள்ளாது, பிட்டு இருந்தால் போதும் என்று அம்மாவிடம் சொல்லி வை.

அன்புடன்,
அக்கா